கோப்பி அழிந்த மலையிலே

இலங்கைக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் கண்டியில் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள். பேராதனைப் பூங்காவில் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு நேரே நுவரெலியாவுக்கு ஏறி, தேயிலைத் தோட்டங்களைக் கண்ணாரக் கண்டு திரும்புவார்கள். அந்தத் தேயிலை அங்கே ஆதியிலிருந்தே இருந்ததல்ல என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் அம்மலைகள் முழுக்கக் கோப்பி. இலையின் அடிப்பக்கத்தில் பூத்த ஒரு மஞ்சள் பொடி, இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கோப்பியைத் துடைத்துவிட்டது. துரு நோய் என்று அதற்குப் பெயர்.

கோப்பி, தேயிலை, கித்தா என்ற மூன்று பயிர்களும் நம் முன்னோர் பிழைப்போடு பின்னிக் கிடப்பவை. ஆகவே அந்தப் பொடியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக உண்டு. கண்டியில் இறங்கியதும் நுவரெலியாப் பக்கம் திரும்பாமல், கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன்.

பேருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே புகுந்து மலை ஏறுகிறது. சற்று தூரத்தில் இருப்பதுதான் 1821இல் தொடங்கிய தாவரப் பூங்கா. மகாவலி ஆற்றுக்கு அக்கரையில் கன்னொருவ. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பி பயிரிட்ட இடம் அது. துரைமார் மெல்ல மெல்ல மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டதற்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டார்கள் என்று சொல்லலாம்.

1869ஆம் ஆண்டு, பதுளைக்கு அப்பால் உள்ள மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில், கோப்பி இலைகளில் மஞ்சள் புள்ளிகள் கண்டன. அந்த இலைகள் பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த துவைட்ஸ் என்பவரிடம் வந்தன. அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார் பூசணங்களை ஆராய்வதில் பேர் பெற்றவர். இது அதுவரை யாரும் பெயரிடாத புதுப் பூசணம் என்று கண்டு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் வித்துகள் பூதக்கண்ணாடியில் சிறுநீரக வடிவில் தெரியும். ஒரு பாதி வழவழப்பு, மறு பாதி சொரசொரப்பு. முதல் சொல் அந்தப் பாதி வழவழப்பைக் குறிக்கிறது. இரண்டாவது சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். துரைமார்கள் அந்தப் பெயரைத் திரித்து 'டெவஸ்டேட்டிங் எமிலி' என்று ஒரு பெண் பெயராக்கிக் கிண்டல் பேசினார்கள். கிளப்பில் உட்கார்ந்து சிரிக்க அவர்களுக்கு அப்போது நேரம் இருந்தது.

ஏனென்றால் நோய் வந்தபிறகும் சில ஆண்டுகள் கோப்பி விலை ஏறிக்கொண்டே இருந்தது. விளைச்சல் குறைந்தாலும் பணம் குறையவில்லை. இன்னும் காடு வெட்டினார்கள், இன்னும் நட்டார்கள். 1878 வாக்கில் கோப்பிப் பரப்பு 2,75,000 ஏக்கர் அளவுக்குப் போனது. மலைக்கு மலை, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே செடி. காற்றில் பறக்கும் நோய்க்கு இதைவிட வேறு என்ன விருந்து வேண்டும்?

லூல்கந்துரத் தோட்டம்

தெல்தோட்டையைத் தாண்டினால் லூல்கந்துர. தேயிலைக் கதையில் பெரிய பெயர் பெற்ற தோட்டம் இது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். துரு நோய் தலைகாட்டியதற்கு இரண்டு ஆண்டு முன்பு. அவர் குடியிருந்த மரவீட்டின் எச்சமும், உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தாராம் என்று காட்டும் கல் ஆசனமும் இன்னும் உண்டு. வெள்ளைக்காரப் பயணிகள் அந்தக் கல்லில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன். காட்சி அழகுதான். ஆனால் காட்டை வெட்டிய, குழி தோண்டிய, கன்று நட்ட கைகளுக்கு ஒரு கல்லைக்கூட நான் அங்கே காணவில்லை.

நான் தேடிப் போன கோப்பி அந்தத் துரை வீட்டருகே இல்லை. அதைப் பார்த்தது கீழே ஒரு லயத்துக்குப் பின்புறம். பள்ளத்தை ஒட்டி ஐந்தாறு கோப்பிச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. கண்டிச் சீமையில் வீட்டுக்கு வீடு இப்படி நாலு செடி நிற்பதைப் பார்க்கலாம். அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் வந்த காரணத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"மலேசியாவுலேர்ந்து கோப்பி எலையப் பாக்கவா வந்தீங்க, தம்பி?"

"ஆமாம்மா. மஞ்சள் பொடி விழுகிற நோய் இருக்கிறதா இதில்?"

"மேலால பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. திருப்பிப் பாருங்க."

ஒரு கிளையை வளைத்து இலையைப் புரட்டிக் காட்டினார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு நாட்டையே கவிழ்த்த பொருள் அங்கே இருந்தது. பார்ப்பதற்குப் பயமுறுத்தும்படி ஒன்றுமில்லை. சமையலறை மஞ்சள் தூளில் கொஞ்சம் குங்குமம் கலந்தாற்போல ஆரஞ்சு நிறத்தில், வட்டம் வட்டமாக, மெத்தென்று ஒரு பொடி. விரலால் தடவினேன். விரல் நுனி செம்மஞ்சளாகிவிட்டது.

இந்த நோயை அறிய அந்த விரல் சோதனை ஒன்று போதும் என்றாலும், முன்னும் பின்னும் வரும் அறிகுறிகளைச் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆரம்பத்தில் பொடி இருக்காது. இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், காகிதத்தில் எண்ணெய்த் துளி பட்டது போல வெளிர் மஞ்சளாகச் சிறு புள்ளிகள் தெரியும். சில நாளில் அந்தப் புள்ளியின் அடிப்பக்கத்தில் பொடி பூக்கும். மேற்பக்கத்தில் மஞ்சள் திட்டு மட்டுமே தெரியும். புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று சேரும். நடுப்பகுதி காய்ந்து பழுப்பாகும், ஓரத்தில் பொடி தொடரும். கடைசியில் இலை உதிர்ந்துவிடும். செடியின் கீழ்க் கிளைகளில்தான் முதலில் தேட வேண்டும். ஈரம் அதிகம் தங்குவது அங்கேதான்.

கோப்பியின் துரு இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு வருவதில்லை. இலை மூச்சு விடுகிற நுண் துளைகள் வழியே குச்சம் குச்சமாக வெளியே எட்டிப் பார்க்கிறது. ஆகவே கையில் கொப்புளம் தட்டுப்படாது, மாவு போலத்தான் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பயற்றங்கொடிக்கு வரும்போது இது மாறும்.

பக்கத்துச் செடியில் வேறொரு புள்ளியும் கண்டேன். பழுப்பு வட்டம், நடுவில் சாம்பல் வெள்ளை, சுற்றி மஞ்சள் வளையம். பார்வைக்குக் கண்விழி மாதிரி. தடவினால் ஒன்றும் ஒட்டவில்லை. அது வேறு பூசணம் தருகிற கண்புள்ளி நோய், துரு அல்ல. இன்னொரு இலையில் செம்மஞ்சள் பொடியின் மேலேயே வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. நோய் முற்றிவிட்டது என்று அதைக் கண்டு பயப்பட வேண்டாம். துருவைத் தின்று வாழும் இன்னொரு பூசணம் அது. திருடனுக்கும் ஒரு திருடன் உண்டு! ஆனால் அதை மட்டும் நம்பி இருந்தால் செடி மிஞ்சாது.

"பொடி விழுந்தா எலை கொட்டிரும். எலை கொட்டுனா அடுத்த வருசம் காய் இருக்காதுங்க" என்றார் அந்த அம்மா. புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். இலைதான் செடியின் அடுப்படி. அடுப்பு அணைந்தால் கிளை வளராது. அடுத்த ஆண்டு பூக்க வேண்டியது அந்தக் கிளைதானே. நோய் கண்ட அதே ஆண்டு காய் நிறைய இருக்கலாம். அதைப் பார்த்து ஏமாந்துபோவது எளிது. அந்தக் காலத்துத் துரைமாரும் அப்படித்தான் சில ஆண்டு ஏமாந்தார்கள்.

அவர் வீட்டில் அந்தச் செடிகள் அழகுக்கு நிற்பவையல்ல. பழத்தைப் பறித்துக் காயவைத்து, தெல்தோட்டைக் கடையில் போட்டுவரும் காசில்தான் பேரனுக்குக் கொப்பியும் பென்சிலும் வாங்குகிறார். தேயிலைச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்குமே சரியாகப் போய்விடுகிறதாம். போன மழைக்குப் பிறகு இரண்டு செடி மொட்டையாகிவிட்டன என்று காட்டினார். மழை என்றதும் காரணம் விளங்கியது. துருவின் வித்து காற்றில் வரும், மழைச் சாரலில் தெறிக்கும், நம் உடுப்பில் ஒட்டியும் வரும். ஆனால் இலை நனைந்திருந்தால்தான் அது முளைக்க முடியும். முளைத்து உள்ளே போனபின் மறுபடி பொடியாகப் பூக்க மூன்று முதல் ஆறு வாரம் போல ஆகும். பிறகு மீண்டும் காற்று. அடர்த்தியாக, காற்றோட்டமில்லாமல் நின்றால் இலை உலர நேரமாகும், நோய்க்கு வசதி. அவருடைய செடிகள் கவாத்துப் பார்க்காமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. அவருடைய மகன் சாயங்காலம் கத்தி எடுத்து உள்கிளைகளைக் கழித்துவிட, உதிர்ந்த இலைகளைக் கூட்டி நாங்கள் குழியில் போட்டு மூடினோம்.

கூலி என்ன ஆயிற்று?

மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை 1880இல் அரசாங்கம் இலங்கைக்கு வரவழைத்தது. இரண்டு ஆண்டு தங்கி வேலை செய்தார். பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, அதில் ஒட்டிய வித்துகளை எண்ணிப் பார்த்து, நோய் காற்றில் பரவுகிறது என்று காட்டினார். இலைமேல் வித்து முளைத்து உள்ளே நுழைவதையும் படிப்படியாக வரைந்தார். ஒரே பயிரைப் பரப்பி நட்டதுதான் நோய்க்கு வழி திறந்தது என்றும் எச்சரித்தார். மருந்து ஒன்றும் அவரால் தர முடியவில்லை. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள், போதவில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை பிரான்சில் திராட்சை நோய்க்கு நல்லது என்று 1885 வாக்கில்தான் வெளியானது. அதற்குள் இலங்கையில் காரியம் முடிந்துவிட்டது. 1884 மே மாதம் ஓரியண்டல் பேங்க் கதவைச் சாத்தியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த பெரிய வங்கி அது.

வெள்ளைக்காரர் எழுதிய கதைகளில் துரைமார் நொடித்துப்போனது விரிவாக இருக்கும். பட்டுப்போன கோப்பி மரத்தைச் சீவி மேசைக்கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். இலங்கைக் கோப்பி போனதால்தான் இங்கிலாந்துக்காரர் தேநீர் குடிக்கப் பழகினார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. அது சரியல்ல, அதற்கு நூறு ஆண்டு முன்பே அவர்கள் தேநீர்ப் பிரியர்கள். இந்தக் கதைகளில் எல்லாம் அருகில் வராத கேள்வி, கோப்பி பறித்த கூலிகளின் சம்பளம் என்ன ஆயிற்று என்பது. பல தோட்டங்களில் மாதக்கணக்காகப் பாக்கி நின்றது. கையில் காசு இல்லாமல், கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் தலையில் இருக்க, எத்தனையோ குடும்பங்கள் வேறு தோட்டம் தேடி நடந்தன.

கோப்பி, பருவத்துக்குப் பறிக்கும் பயிர். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து, பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். அந்த வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்கள் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவே இருந்த தேயிலை, 1890களின் நடுவில் 3 இலட்சம் ஏக்கர் ஆயிற்று. வந்து போன ஆட்கள் லயத்தில் நிலைத்துப்போனார்கள். அந்த அம்மாவின் பாட்டனுக்குப் பாட்டன் கோப்பிக் காலத்தில் வந்தவராம். அவர் திரும்பிப் போகாமல் நின்றதற்கு, என் விரலில் ஒட்டியிருந்த அந்தப் பொடிக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்டுக்கும் அதன் காற்று வீசியது. கோப்பி போன இலங்கைத் துரைமார் சிலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிலாங்கூரிலும் சுங்கை ஊஜோங்கிலும் கோப்பி நட்டார்கள். கங்காணியை ஊருக்கு அனுப்பி ஆள் எடுக்கும் பழக்கமும் அவர்களோடு வந்தது. இங்கே அவர்கள் பெரும்பாலும் நட்டது இலை பெருத்த லைபீரியாக் கோப்பி. காஜாங், கிள்ளான் வட்டாரங்களில் கித்தாவுக்கு முன்னே நின்றது அதுதான். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது. புழுவும் இலையைத் தின்றது. கோப்பி நிரைகளுக்கு நடுவே கித்தா ஏறியது. பிறகு நடந்தது நம் வீட்டுக் கதை, சொல்லத் தேவையில்லை. லைபீரியாக் கோப்பி இன்றும் ஜொகூரில் நன்றாகவே விளைகிறது.

நம் வீட்டுப் பின்புறத்தில்

கோப்பி இல்லாத வீட்டிலும் துரு உண்டு. ஒவ்வொரு பயிருக்கும் அதனதன் துரு. கோப்பியின் துரு பயற்றங்கொடிக்குத் தாவாது, பயற்றங்கொடியின் துரு சோளத்துக்கு வராது. நீண்ட பயற்றங்காய்க் கொடியில் இலையின் அடியில் கடுகு அளவில் பழுப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள் எழும்பும். இங்கே தோல் வெடித்துத்தான் பொடி வரும், விரலில் சொரசொரப்பும் தட்டும். மக்காச்சோள இலையில் ஆரஞ்சுப் புள்ளிகள் நெருக்கமாக மேற்பக்கத்திலேயே தெரியும். கச்சான் செடியில் இலையடியில் செம்பழுப்புப் புள்ளிகள். இலை காய்ந்தும் உடனே உதிராமல் செடியிலேயே தொங்கும். கெம்போஜா என்று மலாய்க்காரர் சொல்லும் பூமரம் உங்கள் கோயில் வாசலில் நின்றால், இலையைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இந்த நோயைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அத்தனை பளிச்சென்று ஆரஞ்சுப் பொடி இருக்கும்.

பெயரைக் கேட்டு ஏமாறக்கூடியவை இரண்டு. மா, கொய்யா, தேயிலை இலைகளின் மேற்பக்கத்தில் துரு நிறத்தில் வெல்வெட்டுத் துணி மாதிரி வட்டங்கள் இருக்கும். செந்துரு என்று சொன்னாலும் அது பூசணமே அல்ல, ஒருவகைப் பாசி. விரலில் பொடியாக ஒட்டாது. செடிக்கு உரமும் வெளிச்சமும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மற்றது கங்கோங் கீரையின் அடியில் வரும் வெள்ளைக் கொப்புளம். வெண்துரு என்று பெயர். அதுவும் துருக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. நோய் கண்ட இலையைக் கிள்ளி எறிந்து, அதே பாத்தியில் மறுபடி மறுபடி கங்கோங்கே போடாமல் மாற்றிப் போட்டால் குறையும்.

உண்மைத் துருவுக்குச் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. வாரம் ஒரு முறை கீழ் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பொடி கண்ட இலையைக் காற்று இல்லாத நேரத்தில் மெல்லக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், உதறாதீர்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், சாயங்காலம் இலை நனைய ஊற்றாதீர்கள். கோப்பிக்கு மருந்து அடிப்பதானால் செம்பு மருந்து பூசணம் உள்ளே போகுமுன் தடுக்கும், போனபின் விரட்டாது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். கடையில் வாங்கினால் ஒட்டியிருக்கும் சீட்டில் சொன்ன அளவை மீறக்கூடாது. மூக்கும் கையும் மூடியிருக்கட்டும். போர்டோக் கலவையை வீட்டில் செய்கிறவர்கள் பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள். கலந்தபின் ஓர் இரும்பு ஆணியை அதில் நனைத்து எடுத்தால் அதில் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு பற்றாது, அந்தக் கலவை இலையைக் கருக்கிவிடும்.

இந்தத் துரு 1970இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012, 2013இல் மத்திய அமெரிக்காவில் கோப்பித் தோட்டக் கூலிகளை வேலையில்லாமல் நிறுத்தியது. 2020இல் ஹவாய்த் தீவையும் பிடித்தது. இவ்வளவு தூரம் அதைக் கொண்டுபோனதில் காற்றோடு மனிதரின் காலுக்கும் கைக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

புறப்படும்போது அந்த அம்மா செடியடியில் தானாக முளைத்திருந்த இரண்டு கோப்பிக் கன்றுகளை வேரோடு எடுத்து, வாழைப்பட்டையில் சுற்றி நீட்டினார். "கொண்டு போயி வையுங்க தம்பி, நம்ம மலைக் கோப்பி." அன்போடு கொடுப்பதை எப்படி மறுப்பது? ஆனாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியோ மண்ணோ நம் நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது சட்டம். துருவிலும் பல இனங்கள் உண்டு, அங்குள்ளது இங்கே வந்துவிடக்கூடாது. விளக்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கன்றுகளைப் பள்ளத்தோரம் தள்ளித் தள்ளி நட்டுவிட்டு, உள்ளே போய் வறுத்து இடித்த கோப்பித்தூள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். அன்றிரவு கண்டி விடுதிக் குழாயடியில் சப்பாத்தையும் காற்சட்டை ஓரத்தையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் சற்று மஞ்சளாக ஓடியது. மலை மண்ணா, அந்தப் பொடியா என்று அந்த விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை.